தறியும் கழுத்தும்

1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தபோது, பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் நம் நாட்டின் முதற் சங்கங்களுள் ஒன்று தோன்றியது. உழவனின் கழுத்தை நெரித்த வட்டியிலிருந்து அவனை விடுவிப்பதே அன்று சங்கத்தின் முதற்பணியாக இருந்தது. கடனைப் பற்றிப் பேசும்போது ‘கழுத்தை நெரிக்கிறது’ என்று சொல்வது நம் வழக்கம். இக்கட்டுரையில் நான் பேசப்போவது அந்த உவமைக் கழுத்தைப் பற்றியன்று. தலையைத் தாங்கி நிற்கும் மெய்யான கழுத்தையும், அதனோடு இணைந்த தோளையும் பற்றியே. கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் வைத்தியர் செய்ய வேண்டிய வேலையில் ஏன் தலையிடுகிறார் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். அதற்குக் காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் பதிவேடுகளைப் பார்வையிட்டேன். பதினைந்து நாளுக்கு ஒரு சேலை தந்துவந்த ஒரு மூத்த அங்கத்தினர், அவ்வாண்டில் ஒரு மாதம் கடந்தும் சேலை ஒப்படைக்காமல் இருந்தார். ‘உற்பத்தி குறைவு; விளக்கம் கேட்கவும்’ என்று குறிப்பு எழுதிவிட்டு வந்தேன். அடுத்த முறை சென்றபோது அவர் இல்லத்திற்கே போனேன். அவர் தறியில்தான் அமர்ந்திருந்தார். வலக்கை நாடாக் கயிற்றைப் பற்றியிருந்தது; ஆனால் அதை இழுக்கும் ஒவ்வொரு முறையும் முகம் சுளித்தது. “ஐயா, நூலும் இருக்கிறது, தறியும் இருக்கிறது, தோள்தான் இல்லை” என்றார். “வைத்தியரிடம் காட்டினீர்களா, பெரியவரே?” என்று கேட்டேன். “வயது ஆகிவிட்டது ஐயா, இதற்கு என்ன வைத்தியம்?” என்பதே விடை. நான் எழுதிய குறிப்பு அவருடைய பாஸ்புத்தகத்தின் மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அன்று எனக்கு உண்டான வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை.

வலி வயதினால் மட்டும் வருவதன்று. பெரும்பாலும் அது அமரும் முறையிலும், தறியின் அமைப்பிலும், வெளிச்சத்திலும், ஓய்வின் அளவிலும் அடங்கியிருக்கிறது. இவை நான்கும் நம் கைக்கு எட்டியவை. இதனை விளக்கிக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கழுத்தின் அமைப்பு

கழுத்தில் எலும்புகள் ஏழு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான் என்றால் வியப்பாயிருக்கும்; நீளத்தில் வேறுபாடே தவிர எண்ணிக்கையில் இல்லை. முதல் எலும்பு வளையம் போன்றது. அதன்மீது மண்டையோடு அமர்ந்திருக்கிறது. ‘ஆம்’ என்று தலையசைக்கும்போது முதன்மையாக அசைவது இந்த மூட்டு. இரண்டாம் எலும்பில் முளை போன்ற ஓர் அச்சு எழுந்து நிற்கிறது. முதல் வளையம் அதைச் சுற்றித் திரும்புகிறது. ‘இல்லை’ என்று தலையாட்டுவது இங்கே. கழுத்துத் திரும்பும் அளவில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரே இடத்தில் நடைபெறுகிறது.

இரண்டாம் எலும்புக்குக் கீழே ஒவ்வோர் எலும்புக்கும் இடையில் மெத்தை போன்ற வட்டு ஒன்று இருக்கிறது. வெளியே நார்வளையமும், உள்ளே கூழ் போன்ற பொருளும் கொண்டது அது. எலும்புகளின் நடுவே உள்ள குழாய் வழியாகத் தண்டுவடம் இறங்குகிறது. அதிலிருந்து கழுத்துப் பகுதியில் எட்டு இணை நரம்புகள் பிரிகின்றன. அவற்றுள் கீழ் நான்கும் மார்புப் பகுதியின் முதல் நரம்பும் பின்னிப் பிணைந்து கைக்குச் செல்கின்றன. ஆகவே கழுத்தில் நேரும் தொல்லை விரலில் மதமதப்பாகத் தெரிவது புதுமையன்று. பாவில் ஒரு நூல் சிக்கினால், அதன் விளைவு துணியில் வேறோர் இடத்தில் தெரிவதைப் போன்றதே இது.

கழுத்தெலும்புகளின் இரு பக்கத் துளைகள் வழியாக மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் இரண்டு மேலேறுகின்றன. முடிதிருத்தும் இடத்தில் கழுத்தைச் சட்டெனத் திருகிச் சொடுக்கு எடுக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அதனால் இந்தக் குழாய்களின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் நேர்ந்த நிகழ்ச்சிகளை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கின்றனர். அரிதே எனினும், ஒரு நொடிச் சுகத்திற்காக அந்த அபாயத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

தோளின் அமைப்பு

தோள் என்பது ஒரு மூட்டு அன்று. பல மூட்டுகளின் கூட்டு. முன்னே காறையெலும்பு, பின்னே தோள்பட்டை எலும்பு, கீழே மேற்கை எலும்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது. கை முழுவதும் உடம்போடு எலும்பு வழியாகச் சேரும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது காறையெலும்பு நடுமார்பைத் தொடும் சிறு மூட்டு. மற்றபடி தோள்பட்டை எலும்பு விலாவின்மேல் தசைகளால் மட்டுமே கட்டப்பட்டு மிதக்கிறது. அந்தத் தசைகளுள் முக்கியமானவை எங்கிருந்து இறங்குகின்றன? கழுத்திலிருந்தும் மண்டையின் பின்புறத்திலிருந்தும்தான். இதை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். கை செய்யும் வேலையின் பாரத்தைக் கழுத்துச் சுமக்கிறது.

மேற்கை எலும்பின் தலை பந்து போன்றது. அது பொருந்தும் குழியோ ஆழமற்றது. அதனால்தான் கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறது. பந்து குழியை விட்டு நழுவாமல் நான்கு சிறு தசைகள் சுற்றிலும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் மேலே உள்ள தசையின் நாண், தோள்பட்டை எலும்பின் கூரை போன்ற முனைக்கு அடியில் குறுகிய இடைவெளியில் செல்கிறது. கையைத் தலைக்கு மேலே முழுவதும் தூக்கும்போது அசைவில் மூன்றில் இரண்டு பங்கு பந்துமூட்டிலும், ஒரு பங்கு தோள்பட்டை எலும்பின் சுழற்சியிலும் நிகழ்கிறது. கூன் விழுந்த முதுகோடு கையைத் தூக்கினால் தோள்பட்டை எலும்பு நன்கு சுழலாது. அந்த நாண் நெருக்குண்டு உராய இடமாகிறது. அமர்ந்தபடியே முதுகைக் கூனிக் கையைத் தூக்கிப் பாருங்கள்; பிறகு நிமிர்ந்து தூக்கிப் பாருங்கள். வேறுபாடு அப்போதே விளங்கும்.

மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்தில், ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தியிருக்கும் தவசியை நாம் யாவரும் கண்டிருக்கிறோம். விலாவெலும்புகள் தெரிய மெலிந்த உடம்பு அது. கையை உயர்த்தி அசையாமல் வைத்திருத்தலே ஒரு தவம் என்பதை அந்தச் சிற்பி அறிந்திருந்தான். அசையாமல் இறுகி நிற்கும் தசைக்கு இரத்த ஓட்டம் குறைகிறது. களைப்பும் வலியும் விரைவில் வருகின்றன. தவசி வரம் வேண்டி அதைச் செய்தார். நாம் கூலி வேண்டி, அறியாமலே செய்துகொண்டிருக்கிறோம்.

தலை முன்சாயும்போது

மனிதத் தலையின் எடை 4.5 கிலோவிலிருந்து 5 கிலோ வரை இருக்கும். கழுத்து நேராக நிற்கும்போது அவ்வெடை எலும்புகளின்மேல் இறங்குகிறது. தசைகளுக்கு வேலை குறைவு. தலை முன்னே சாய்ந்தால், பின்கழுத்துத் தசைகள் அதை விழாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்துக் கொண்டு நெடுந்தூரம் நடக்கும் தாய்மார்கள், அதே குடத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு பத்தடி நடக்க முடியுமா? குடத்தின் எடை மாறவில்லை. தூரம் மாறியதால் பாரம் மாறியது.

நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு அறுவை வைத்தியர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் இதனைக் கணக்கிட்டு வெளியிட்டார். தலை 15 பாகை சாய்ந்தால் கழுத்தின்மேல் ஏறும் பாரம் சுமார் 12 கிலோ. 30 பாகையில் 18 கிலோ. 60 பாகையில் 27 கிலோ. இது மாதிரி அமைத்துப் போட்ட கணக்கேயன்றி, மனிதர்களை அளந்து எடுத்ததன்று. எனினும் பாரம் ஏறும் திசையை அது தெளிவாகக் காட்டுகிறது. சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்திருப்போரைப் பாருங்கள். கைபேசியைக் குனிந்து நோக்கும் இளைஞரின் கழுத்தும், குழித்தறியில் குனிந்திருக்கும் பாட்டனாரின் கழுத்தும் ஒரே கோணத்தில் இருப்பதைக் காணலாம்.

சென்னை போன்ற நகரங்களில் பிலாட்டீஸ் என்னும் உடற்பயிற்சியைப் பணம் கொடுத்துக் கற்கிறார்கள். ஜெர்மனியில் 1883-இல் பிறந்து, நியூயார்க்கில் பயிற்சிக்கூடம் நடத்தி, 1967-இல் மறைந்த ஜோசப் பிலாட்டீஸ் என்பவர் வகுத்தது அது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் தம் மாணவரிடம் அடிக்கடி காணும் குறை, மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கும்போது கழுத்தாலேயே தூக்கி வலியை வரவழைத்துக் கொள்வது. கழுத்தை மட்டும் கவனித்தால் போதாது. வயிறும், விலாவும், தோள்பட்டையும் உறுதியாக நின்றால்தான் கழுத்துக்கு ஓய்வு என்பதே அவர்கள் கூறும் பாடம். அப்பாடம் தறிக்கும் கழனிக்கும் அப்படியே பொருந்தும். அதற்குக் கட்டணமும் இல்லை.

தறியில் நேர்வது

ஒரு கணக்குப் பார்ப்போம். 5.5 மீட்டர் சேலை என்பது ஏறக்குறைய 216 அங்குலம். அங்குலத்திற்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், ஒரு சேலைக்கு நாடா சுமார் 13,000 முறை ஓட வேண்டும். கயிற்றை இழுக்கும் கை ஒன்று. பலகையை ஆட்டி அடிக்கும் கை மற்றொன்று. கோர்வைச் சேலையானால் கரைக்கு வேறு நாடா, உடலுக்கு வேறு நாடா என வேலை பெருகும். அத்தனை முறையும் கண் துணியின் விளிம்பிலேயே இருக்கிறது. கை ஓடுகிறது, கழுத்தோ நின்ற நிலையில் நிற்கிறது. ஆகவே கையைவிடக் கழுத்தே முதலில் களைக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லையன்று. ஈரான் நாட்டுக் கம்பள நெசவாளர்களைப் பற்றி 2004-இலும் 2007-இலும் ஆய்வுகள் வெளிவந்தன. அங்கும் கழுத்து, தோள், முதுகு ஆகியவற்றின் வலியே மிகுதியாகக் காணப்பட்டது. இருக்கையின் அமைப்பும், நெய்யும் இடத்தின் உயரமும் உடல் நிலையைத் தீர்மானிக்கின்றன என்றும் கண்டார்கள்.

நம் குழித்தறியில் கவனிக்க வேண்டுவன மூன்று. முதலாவது இருக்கை. பலகை மிகத் தாழ்ந்திருந்தால் கையைத் துணியின் மட்டத்திற்குக் கொண்டுவரத் தோளைக் காதுவரை உயர்த்த வேண்டியிருக்கும். மிக உயர்ந்திருந்தால் தலையை மேலும் குனிய வேண்டியிருக்கும். முழங்கையைச் செங்கோணமாக மடித்தால் முன்கை துணியின் மட்டத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு பலகைத் துண்டோ, மடித்த கோணிச் சாக்கோ வைத்து இதைச் சரிசெய்து கொள்ளலாம். இருக்கையின் பின்புறம் முன்புறத்தைவிடச் சற்றே உயர்ந்திருந்தால் இடுப்பு முன்சாய்ந்து முதுகு தானே நிமிரும். ஒரே தறியில் கணவனும் மனைவியும் மாறி மாறி நெய்யும் இல்லங்களில், உயரம் குறைந்தவருக்கென ஒரு பலகை தனியே வைத்திருத்தல் நலம்.

இரண்டாவது வெளிச்சம். துணி தெளிவாகத் தெரியாதபோது தலை தானாகவே முன்னே செல்கிறது. விளக்கு கண்ணில் அடிக்காமல், துணியின் விளிம்பில் விழ வேண்டும். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் எரிந்தால் செலவாவது 0.09 யூனிட், இரண்டு மாதத்திற்கு 5.4 யூனிட். தமிழ்நாட்டுக் கைத்தறி நெசவாளர்களுக்கான கட்டணமில்லா மின்சாரம் 2023-இல் இரு மாதங்களுக்கு 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டது. வெளிச்சத்தில் சிக்கனம் பார்க்க நமக்குக் காரணமில்லை.

மூன்றாவது கண்கண்ணாடி. நாற்பது வயதுக்கு மேல் அருகிலுள்ளது மங்குவது இயல்பு. கண்ணாடி அணியாதவர் குனிகிறார். இரட்டைப் பார்வைக் கண்ணாடி அணிந்தவரோ கீழ்ப்பகுதியின் வழியாகப் பார்ப்பதற்காக மோவாயைத் தூக்கிக் கழுத்தைப் பின்னே மடக்குகிறார். இரண்டும் கேடு. கண்ணுக்கும் துணிக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொண்டு போய், அந்தத் தூரத்திற்கென்றே கண்ணாடி கேட்டு வாங்குதல் வேண்டும்.

இராட்டினத்தில் தார் சுற்றும் பெண்மக்களை மறக்கலாகாது. தரையில் அமர்ந்து ஒரு கையால் சுழற்றி மறுகையால் நூலை விடுகையில், ஒரு தோள் உயர்ந்தும் ஒரு தோள் தாழ்ந்தும் நிற்கிறது. தாழ்ந்த மணையொன்றில் அமர்வதும், பாதி வேலைக்குப் பின் இராட்டினத்தை மாற்றி வைத்துக் கையை மாற்றிக்கொள்வதும் பெரிதும் உதவும்.

கழனியில் நேர்வது

நடவிலும் களையெடுப்பிலும் இடுப்பு வளைகிறது. ஆனால் எதிரே பார்ப்பதற்காகத் தலை மேலே தூக்கப்படுகிறது. இதனால் பின்கழுத்து மடங்கி நெருக்குண்கிறது. குனியும்போது கழுத்தை முதுகின் நேர்க்கோட்டிலேயே விட்டு, கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்துப் பழகலாம். வரிசை நடவு செய்த வயலில் நின்றபடி தள்ளும் களைக்கருவி இந்தக் குனிவைப் பெரிதும் குறைக்கிறது.

முதுகில் மாட்டும் மருந்து தெளிப்பான் 16 லிட்டர் கொண்டதானால் நீர் மட்டும் 16 கிலோ. பட்டை மெல்லியதாயின் தோளின் மேல்தசையை அறுப்பதுபோல் அழுத்தும். அகலமான பட்டை, இரு தோளிலும் சம நீளம், தொட்டி முதுகோடு ஒட்டியிருத்தல் ஆகிய மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையிலிருந்து தூக்கி மாட்டாமல், வரப்பின் மேலோ திண்ணையின் மேலோ வைத்து மாட்டுவது நல்லது.

தலைச்சுமைக்குச் சும்மாடு வைப்பது நம் முன்னோர் கண்ட நல்ல வழி. சுமை நடுவில் அமர்ந்து கழுத்து நேராக நின்றால் பாரம் எலும்பில் இறங்கும். பக்கம் சாய்ந்த சுமையும், ஒருவராகவே தூக்கி ஏற்றிக்கொள்வதும்தான் கேட்டை விளைவிப்பவை. இருவர் கைகொடுத்து ஏற்றவும், இருவர் கைகொடுத்து இறக்கவும் வேண்டும். வண்டி செல்லும் பாதை உள்ள இடத்தில் தலைச்சுமையே வேண்டாம்.

வழக்கமான தொல்லைகள்

மிகவும் பரவலானது தசைவலி. கழுத்திற்கும் தோளுக்கும் இடைப்பட்ட மேட்டில் கட்டி கட்டியாக இறுகி, மாலையில் மிகும். ஓய்விலும் வெந்நீர் ஒத்தடத்திலும் தணியும்.

அடுத்தது கழுத்தெலும்புத் தேய்மானம். எக்ஸ்ரே படத்தைப் பார்த்ததும் பலர் மனம் உடைந்து போகிறார்கள். 60 வயதைக் கடந்தவரில் பெரும்பாலோருக்குப் படத்தில் தேய்மானம் தெரியும். அவர்களுள் வலியே இல்லாதவர் பலர். நரைமுடியைப் போன்றதே அது. படத்தைக் கண்டு தறியை விற்றுவிட வேண்டியதில்லை.

மூன்றாவது நரம்பு நெருக்கம். வட்டு பிதுங்கியோ, எலும்பு முள் வளர்ந்தோ நரம்பை அழுத்தினால் வலி கையில் இறங்கும். ஆறாம் நரம்பானால் கட்டைவிரலிலும், ஏழாம் நரம்பானால் நடுவிரலிலும், எட்டாம் நரம்பானால் சுண்டுவிரலிலும் மதமதப்புத் தோன்றும். எனக்கே இது நேர்ந்தது. ஆண்டு முடிவில் தாழ்ந்த மேசையில் பேரேடுகளின்மேல் குனிந்திருந்த ஒரு மாதத்திற்குப் பின் வலக் கட்டைவிரல் மரத்தது. முதலில் சென்ற ஒரு மருத்துவ விடுதியில் ஒன்றும் விளக்காமல் கழுத்துப்பட்டை மாட்டி அனுப்பினார்கள். கழுத்து மேலும் விறைத்தது. பிறகு ஓர் இயன்முறை வைத்தியர் மேசையின் உயரத்தை விசாரித்து, பயிற்சி சொல்லிக் கொடுத்தார். இரண்டு மாதத்தில் குணம் கண்டது. இத்தகைய நெருக்கம் பெரும்பாலோர்க்கு அறுவையின்றியே வாரங்களிலோ மாதங்களிலோ தணிகிறது.

நான்காவது தோள் உறைதல். 40 முதல் 60 வயதுக்குள் மிகுதியாக வரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதிகம். முதலில் இரவு வலி. பின்பு கையை வெளிப்புறம் திருப்பவும், சட்டை மாட்டவும், பின்னலை முடியவும் இயலாமை. தானே தளர ஓராண்டு முதல் மூன்றாண்டுகூட ஆகலாம். கையைத் தூளியில் கட்டிவைப்பது கேடு. மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டே இருத்தல் வேண்டும். இந்நோய் கண்டவர் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்ளல் நன்று. நான் மேலே கூறிய பெரியவருக்கு இருந்தது இதுவே.

தாமதம் கூடாதவை

சில அறிகுறிகளுக்கு ஒத்தடமும் பயிற்சியும் போதா. அறுந்த நூலை முடிச்சிடும் விரல் திடீரெனத் தடுமாறுதல், சட்டைப் பொத்தானைப் போட இயலாமை, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் கட்டுப்பாட்டில் மாறுதல் ஆகியவை தண்டுவடமே நெருக்குண்டதைக் காட்டலாம். பாவு பிணைக்கும் விரலின் நுட்பம் குறைவதை நெசவாளர் பிறருக்கு முன்பே உணர முடியும். அதை முதுமை என்று ஒதுக்காமல் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும். இடக்கை, தோள், தாடை ஆகியவற்றில் வலியோடு மூச்சுத் திணறலும் வியர்வையும் கண்டால் அது இருதயக் கோளாறாக இருக்கலாம். காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், தூக்கம் கெடும் வலியோடு உடல் மெலிந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ விழுந்தவரின் கழுத்தை அசைக்காமல், தூக்கி உட்கார வைக்காமல், 108 வண்டியை அழைக்க வேண்டும்.

தார் தீரும்போதெல்லாம்

‘மணிக்கொரு முறை ஓய்வு எடுங்கள்’ என்று சொல்வது எளிது. துண்டுக்கூலியில் வாழ்பவர்க்குக் கடிகார ஓய்வு கூலி இழப்பாகவே தோன்றும். ஆகவே நான் வேறொரு வழியைச் சொல்வேன். நாடாவில் தார் தீரும்போதெல்லாம் கை எப்படியும் நிற்கிறது. அந்த நேரத்தில் கழுத்தையும் தோளையும் இருபது விநாடி கவனித்துக் கொள்ளுங்கள். உழவர் ஒவ்வொரு முறை வரப்பேறும்போதும் இதையே செய்யலாம். வேலை கெடாது.

செய்ய வேண்டுவன இவை. முதலில் நேரே நோக்கியபடி, தலையைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும், மோவாயைப் பின்னோக்கி இழுத்து ஐந்து விநாடி வைத்து விடுதல். அடுத்து இரு தோள்பட்டை எலும்புகளையும் பின்னும் கீழுமாக நெருக்கி ஐந்து விநாடி வைத்து விடுதல். பிறகு ஒரு நீண்ட மூச்சு. பகலுக்கு ஒரு முறையும் இரவுக்கு ஒரு முறையும் இவற்றைப் பத்துப் பத்து முறை செய்து, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் மெல்ல அழுத்துவதையும், காதைத் தோள்பக்கம் சாய்த்து இருபது விநாடி இருப்பதையும், சுவரில் கையை ஊன்றி மேலே நகர்த்துவதையும் சேர்த்துக் கொள்ளலாம். எந்தப் பயிற்சியிலாவது வலி கையில் இறங்கினால் அதை நிறுத்திவிட வேண்டும். தலையைச் சக்கரம்போல் வேகமாகச் சுழற்றுவது கூடாது. உறங்கும்போது ஒருக்களித்துப் படுத்தால் தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட வெற்றிடத்தை நிரப்பும் அளவுக்குத் தலையணை ஒன்று போதும்.

சங்கத்தின் கடமை

தனிமனிதன் செய்யக்கூடியவை இவை. சங்கம் செய்யக்கூடியவையும் உண்டு. தறிக்கூடம் அமைக்கும்போதோ தறிக்குக் கடன் வழங்கும்போதோ, பலகையின் உயரத்தையும் விளக்கின் இடத்தையும் நிர்வாகக் குழு பார்வையிடலாம். இலாபத்தில் பொதுநல நிதிக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனையும், இயன்முறை வைத்தியரின் முகாமும் நடத்தலாம். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இல்லத்திற்கே வந்து இயன்முறை வைத்தியம் அளிக்கும் ஏற்பாடும் சேர்ந்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதைப்பற்றி விசாரித்து அங்கத்தினருக்குச் சொல்வது செயலாளரின் வேலையாகட்டும். விவசாயிகள் சங்கங்கள் களைக்கருவிகளையும் தள்ளுவண்டிகளையும் வாங்கிக் குறைந்த வாடகைக்கு விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சேலை ஒப்படைக்கத் தாமதிக்கும் அங்கத்தினரைத் தவணை தவறியவர் என்று எழுதுமுன் அவரது தோளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம்.

அந்தப் பெரியவரின் இருக்கையை இரண்டங்குலம் உயர்த்தினோம்; விளக்கை இடம் மாற்றினோம்; வைத்தியரிடம் அனுப்பினோம். அவர் சர்க்கரை நோய் அப்போதுதான் கண்டறியப்பட்டது. தோள் முழுவதும் தளர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. இப்போதும் அவர் முன்போல் பதினைந்து நாளில் சேலை தருவதில்லை, இருபது நாளாகிறது. ஆனால் தருகிறார். என் பழைய குறிப்புக்குக் கீழே ‘விளக்கம் பெறப்பட்டது’ என்று நானே எழுதிக் கையொப்பமிட்டேன்.

நம் சிற்றூர்ச் சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களை இன்னும் சில இடங்களில் காணலாம். இரண்டு கல் நட்டு அதன்மேல் ஒரு கல் கிடத்தியது. தலைச்சுமையோடு தனியே வருபவர், பிறர் உதவியின்றி, குனியாமல் சுமையை அதன்மேல் நகர்த்தி இளைப்பாறிவிட்டு மீண்டும் தலைக்கு மாற்றிக்கொள்ளும் உயரத்தில் அது நிற்கும். முகம் அறியாத வழிப்போக்கனின் கழுத்துக்காக யாரோ செலவு செய்து நட்ட கல் அது. நம் சங்கமும் அங்கத்தினருக்கு அவ்வாறு அமைதல் வேண்டும். அடுத்த மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கைப் பலகையும் விளக்கும் ஒரு பொருளாக இடம்பெறட்டும்.